மலையிறங்கும் சைக்கிளும் தள்ளி நின்ற ஃப்ளாஷும்

"பட்டப்பகல்ல சைக்கிள் ரேஸைப் படம் பிடிக்க ஃப்ளாஷ் எதுக்கு சார்? அதையும் கேமராவுல மாட்டாம மரத்துல கட்டி வச்சிருக்கீங்களே?"

சிம்லாவுக்கு மாற்றலாகி வந்த பிறகு இந்தக் கேள்வியைப் பலர் கேட்டுவிட்டார்கள். ஒரு வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. அந்தப் பதிலுக்குள் நூற்று எழுபது வருடக் கதை இருக்கிறது. நான் பி.காம். படித்து வங்கியில் குப்பை கொட்டும் ஆசாமி. இயற்பியல் படிக்காதவன் சொன்னால் எல்லோருக்கும் புரியும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன் :-)

முதலில் டவுன்ஹில் ரேஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். மலை மேலிருந்து வீரர்களை ஒவ்வொருவராக இறக்கி விடுவார்கள். வேர், பாறை, சேறு, பள்ளம் எல்லாவற்றையும் தாண்டி யார் குறைந்த நேரத்தில் கீழே வந்து சேர்கிறாரோ அவர்தான் ஜெயித்தவர். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். நீங்கள் நிற்கும் வளைவை அந்த வீரர் ஒரே ஒரு முறைதான் கடப்பார். "தம்பி, இன்னொரு தடவை வாப்பா" என்று கூப்பிட முடியாது.

இந்த விளையாட்டின் பிறப்பிடமாகப் பலரும் சொல்வது அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மண் பாதை. 1976 அக்டோபர் 21 அன்று அங்கே முதல் போட்டி நடந்தது. இரண்டு மைல் தூரத்துக்குள் 1,300 அடி இறக்கம். ஓட்டியதோ 1930களில் செய்த, தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் பின் சக்கர ஹப்பில் இருக்கும் கிரீஸ் சூட்டில் புகைந்து தீர்ந்துவிடும். மறுபடி கிரீஸை அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அந்த 'மறுபடி அடைக்கும்' வேலைதான் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வாங்கிக் கொடுத்தது. கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 வினாடியில் இறங்கியது அங்கே சாதனை. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ் 1977-ல் மலைக்கென்றே செய்த சைக்கிள் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? அவர்களோடு சேர்ந்து ஓட்டிய வெண்டி கிராக் என்ற பெண்மணி கையில் கேமரா வைத்திருந்தார். பத்துப் பதினைந்து பேர் கூடி விளையாடிய விளையாட்டு அது. பத்திரிகைக்காரர்கள் யாரும் வரவில்லை. பின்னாளில் உலகம் முழுக்கப் பெரிய தொழிலாகிவிட்ட ஒன்றின் ஆரம்ப நாட்களுக்கு அவர் எடுத்த படங்கள்தான் முக்கியமான சாட்சி. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் வவுச்சர். வவுச்சர் இல்லாத செலவைத் தணிக்கைக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார் அல்லவா? வரலாறும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

ரீபேக் திறந்த மலைச்சரிவு, மேலே கலிஃபோர்னியா வெயில். வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் விளையாட்டு வளர்ந்து பல நாடுகளுக்குப் பரவியது. 1990-ல் கொலராடோவின் துராங்கோவில் முதல் அதிகாரபூர்வ உலகச் சாம்பியன்ஷிப். 1993 முதல் டவுன்ஹில்லுக்கு உலகக் கோப்பைத் தொடர். ஐரோப்பாவின் பல தடங்கள் அடர்ந்த ஊசியிலைக் காட்டுக்குள் இறங்குபவை. அங்கே நண்பகலிலும் அரை இருட்டு. இங்கே சிம்லா தேவதாரு காட்டிலும் அதே கதைதான். நடுநடுவே வெயில் புள்ளி, மற்ற இடமெல்லாம் நிழல்.

இந்த இடத்தில் படம் பிடிப்பவருக்கு இரண்டு கஷ்டங்கள். ஒன்று நேரம்: வேகமாக வருபவரை உறைய வைக்க வேண்டும். இன்னொன்று இடம்: வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது. இரண்டையும் தீர்த்தவர்கள் சைக்கிளுக்குத் துளியும் சம்பந்தமில்லாதவர்கள்.

நேரத்தின் கதை 1851-ல் லண்டனில் ஆரம்பிக்கிறது. ஃபாக்ஸ் டால்போட் என்பவர் 'டைம்ஸ்' பத்திரிகைத் துண்டு ஒன்றைச் சக்கரத்தில் ஒட்டி வேகமாகச் சுழல விட்டார். இருட்டறையில் ஒரே ஒரு மின்பொறி. எழுத்துகள் கலையாமல் படத்தில் விழுந்தன. வேகமாக ஓடுவதை நிறுத்த வேகமான ஷட்டர் தேவையில்லை, வெளிச்சம் கண நேரம் இருந்தால் போதும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனால் அந்தப் பொறியைச் சோதனைச்சாலைக்கு வெளியே கொண்டுவர முடியவில்லை.

அடுத்து 1887-ல் ஜெர்மனியில் வெளிச்சப் பொடி. பள்ளிக்கூட லேபில் மெக்னீசியம் நாடாவைக் கொளுத்திக் கண் கூசியது ஞாபகமிருக்கிறதா? அதே மெக்னீசியத்தைத் தூளாக்கி, எரிய உதவும் உப்பைக் கலந்தார்கள். தீபாவளி வாணம் மாதிரி 'புஸ்' என்று எரியும், அறை முழுக்கப் புகை. ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகையாளர் இந்தப் பொடியோடு நியூயார்க் சேரிகளின் இருட்டுக்குள் போய் எடுத்த படங்கள்தான் 1890-ல் வந்த அவருடைய புத்தகத்துக்கு அடிப்படை. படம் எடுக்கப் போன வீட்டிலேயே தீப்பிடித்த கதையும் அவர் வாழ்க்கையில் உண்டு. 1920களின் கடைசியில் ஃப்ளாஷ் பல்பு வந்தது. புகை போயிற்று. ஒரு பல்பு ஒரே ஒரு தடவைதான் என்ற குறை மட்டும் மிஞ்சியது.

அதையும் தீர்த்தவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த ஹெரால்ட் எட்ஜர்டன் என்ற மின் பொறியாளர். 1930களில் அவர் வளர்த்தெடுத்த மின்னணு ஃப்ளாஷ் திரும்பத் திரும்ப அடிக்கும். ஒவ்வொரு அடியும் கண்ணிமைப்பதில் மிகச் சிறிய பங்கு நேரமே இருக்கும். பால்துளி விழுந்து கிரீடம் போலத் தெறிக்கும் படம், ஆப்பிளைத் துளைத்து வெளியேறும் துப்பாக்கிக் குண்டின் படம் இரண்டும் அவருடையவை. நேரப் பிரச்சினை தீர்ந்தது.

இடப் பிரச்சினைக்கு நான் மிகவும் மதிக்கும் மனிதர் ஓ. வின்ஸ்டன் லிங்க். புரூக்ளினில் பிறந்தவர், விளம்பரப் படங்கள் எடுத்துச் சம்பாதித்தவர். அமெரிக்காவில் நீராவி ரயில்கள் மறைந்துகொண்டிருந்த காலத்தில், நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வே அவற்றை இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தது. 1955-ல் லிங்க் அங்கே போகத் தொடங்கியபோது அவருக்கு வயது நாற்பது (நம்ம செட்!). 1960 வரை, ராத்திரி நேரத்தில், அந்த ரயில்களைப் படம் எடுத்தார். தண்டவாளத்தின் ஓரத்தில் அங்கங்கே ஃப்ளாஷ் பல்புகளை நட்டு, நீள நீளமாக ஒயர் இழுத்து, எல்லாவற்றையும் ஒரே நொடியில் எரிய விடுவார். மேற்கு வர்ஜீனியாவில் ஏகர் என்ற ஊரில் 1956-ல் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. முன்னால் காரில் உட்கார்ந்து திறந்தவெளி சினிமா பார்க்கும் ஜோடி, பின்னால் புகை கக்கிப் போகும் ரயில். அதற்கு நாற்பதுக்கும் மேற்பட்ட பல்புகள். ரயில் ஒரு முறைதான் வரும், பல்பும் ஒரு முறைதான் எரியும்.

ரயிலுக்குப் பதில் சைக்கிள் வீரரை வைத்துப் பாருங்கள். இருட்டு, ஒரே வாய்ப்பு, முன்கூட்டியே இடம் பார்த்து நட்டு வைத்த விளக்குகள். டவுன்ஹில் படக்காரர்கள் செய்வது எட்ஜர்டனின் நேரத்தையும் லிங்க்கின் இடத்தையும் ஒன்றாகச் சேர்ப்பதுதான். லிங்க்கின் ஒயருக்குப் பதிலாக ரேடியோ டிரிக்கர் வந்துவிட்டது, வண்டி நிறையச் சாமான்கள் ஒரு தோள்பைக்குள் அடங்கிவிட்டன. 2006-ல் பால்டிமோர் நகரப் பத்திரிகைப் படக்காரர் டேவிட் ஹாபி 'ஸ்ட்ரோபிஸ்ட்' என்ற பெயரில் இந்த வித்தையை எல்லோருக்கும் இலவசமாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். விலை குறைந்த சின்ன ஃப்ளாஷைக் கேமராவை விட்டுத் தள்ளி வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று என்னைப் போன்றவர்கள் கற்றது அவரிடம்தான்.

இனி நம்ம கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். சாதாரண கேமராவில் ஃப்ளாஷ் ஒத்துழைக்கும் ஷட்டர் வேகம் ஏறக்குறைய 1/250 வினாடி. அதற்கு மேல் போனால் ஷட்டரின் இரண்டு திரைகளுக்கும் நடுவே சின்ன இடுக்கு மட்டும்தான் நகரும், படத்தின் ஒரு பகுதி இருட்டாகிவிடும். அந்த 1/250 வினாடியில் சைக்கிள் ஐந்தரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படம் கலங்கிவிடும். ஆனால் நிக்கானின் எஸ்பி-800 மாதிரியான ஃப்ளாஷை எட்டில் ஒரு பங்கு சக்தியில் வைத்தால் அது எரிவது 1/5900 வினாடிதான். அதற்குள் சைக்கிள் நகர்வது இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவு! காட்டின் இயற்கை வெளிச்சத்தைக் கேமராவில் கொஞ்சம் குறைத்து வைத்தால், படத்தில் வீரரைப் பதிவது ஃப்ளாஷ் மட்டுமே. டயரிலிருந்து தெறிக்கும் சேறு கூடத் துளித்துளியாக நிற்கும்.

இது நேரம். இடம்தான் இதைவிட முக்கியம் என்பேன். கேமரா தலையிலேயே ஃப்ளாஷ் இருந்தால் நிழலெல்லாம் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மேடு, பள்ளம், வேர் எல்லாம் ஒரே தட்டை. ஏற்கெனவே கேமராவுக்குச் சரிவைச் சமதளமாகக் காட்டும் வியாதி உண்டு. விளக்கைப் பக்கவாட்டில் கொண்டுபோனால் ஒவ்வொரு கல்லுக்கும் நிழல் விழும், சரிவு சரிவாகத் தெரியும். நம்மூர்க் கல்யாணங்களில் வீடியோக்காரருக்குப் பக்கத்தில் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் நிற்பானே, அவன் இரண்டடி தள்ளி நின்றால் மணப்பெண் முகமே மாறும். அதே சூட்சுமம்தான்.

இதற்கு ஒரு சொந்த உதாரணம். இங்கே கரூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று எங்களுக்குப் பழக்கம். பதினேழு வயதுப் பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு காட்டுப் பாதையில் சைக்கிளில் இறங்குவான். அவன் வீட்டில் காட்டிய செல்ஃபோன் படங்களில் அது ஏதோ பார்க் நடைபாதை மாதிரி இருந்தது. நான் இரண்டு பழைய ஃப்ளாஷ்களை மரங்களில் கட்டி எடுத்த படத்தை அவன் அம்மா பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "இத்தனை சரிவுங்களாண்ணா இது?" என்றார். போவதை நிறுத்துவார்களோ என்று பையன் பயந்தான். நிறுத்தவில்லை. அடுத்த வாரமே முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் வந்துவிட்டன. மாதக்கணக்காக அவன் கேட்டுக் கிடைக்காதவை அவை.

நல்ல வெளிச்சம் என்பது அழகுக்கு மட்டும் அல்ல என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். வண்டி ஓட்டுபவன் என்ன துணிச்சலைச் செலவழிக்கிறான், எங்கே விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி. சாட்சி சொல்ல வந்தவன் ஆபத்தை உண்டாக்கக் கூடாது என்பதும் அதனோடு சேர்ந்த விஷயம். அதனால் எனக்கென்று சில விதிகள். வீரர் பார்த்துக்கொண்டு வரும் திசையில் ஃப்ளாஷ் நேராக நிற்காது. பக்கவாட்டில் அல்லது அவருக்குப் பின்பக்கத்தில்தான். அவர் தடம் தவறினால் போய் மோதக்கூடிய இடத்தில் ஸ்டாண்டு நிற்காது. ஓட்டத்துக்கு முன்பே அவர்களிடம் சொல்லி, ஒரு முறை அடித்துக் காட்டி, சரி என்ற பிறகுதான் படம். ஒருவர் வேண்டாம் என்றாலும் விளக்கு பைக்குள் போய்விடும்.

2023-ல் சோனி அறிமுகப்படுத்திய ஒரு கேமராவில் படத்தின் எல்லாப் புள்ளிகளும் ஒரே கணத்தில் பதிகின்றன. அதனால் 1/80,000 வினாடி வரை ஃப்ளாஷோடு ஒத்துப்போகும். நான் மேலே போட்ட 1/250 கணக்கு அதற்கு வேண்டியதே இல்லை. டால்போட் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனாலும் எந்த மரத்தில் விளக்கைக் கட்டுவது என்று எந்தக் கேமராவும் சொல்லாது. அதற்குத் தடத்தில் நடந்து, எந்த வேர் காலை வாரும், யார் எங்கே பிரேக் பிடிப்பார்கள் என்று பார்த்துவிட்டு வர வேண்டும். லிங்க் தண்டவாள ஓரத்தில் நடந்த மாதிரி.

பெங்களூரிலும் புனேயிலும் டேராடூனிலும் நம்ம பிள்ளைகள் பலர் இப்போது மலை சைக்கிளில் ஏறிவிட்டார்கள். அவர்கள் இறங்கும் பாதையை ஒரு முறை நீங்களும் நடந்து பாருங்கள். முடிந்தால் விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்து ஒரு படம் எடுத்து, ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கும் அனுப்புங்கள். ஹெல்மெட் போட்டிருக்கும் படமாகப் பார்த்து அனுப்பவும்!