மைதானம் போன தூரம்: பெல்கிரேடு தரும் ஒரு பாடம்

ஆசிரிய நண்பர்களே, கட்டுரையில் மாணவர் 'மைதானம்' என்று எழுதினால் 'திடல்' என்று திருத்துவோம், இல்லையா? திருத்துவதற்கு முன் ஒரு நிமிடம் என்னோடு செர்பியாவின் தலைநகர் பெல்கிரேடுக்கு வாங்க.

சாவா ஆறு டான்யூபில் கலக்கும் இடத்தில், மேட்டின் மேல் ஒரு பழைய கோட்டை இருக்கிறது. அதைச் சூழ்ந்த பூங்காவின் பெயர் கலெமெக்தான். துருக்கிய மொழியில் 'கலே' கோட்டை. 'மெய்தான்' திறந்த வெளி. நம் மைதானமும் அந்தக் குடும்பத்துச் சொல்தான்! கோட்டைத் தலைவரைக் குறிக்கும் 'கில்லேதார்' கூட 'கலே'யின் உறவுதான்.

இரண்டு ஆறுகளையும் கண்காணிக்க ஏற்ற இடம் என்பதால் இதற்காகப் பலர் மோதினார்கள். ரோமானியர் காலத்தில் இது சிங்கிடூனம். 1456இல் ஒட்டோமான் முற்றுகையை ஹுன்யாடியின் படை முறியடித்தது. 1521இல் சுல்தான் சுலைமான் பிடித்தார். 1867இல் கோட்டைச் சாவி செர்பிய இளவரசர் மிஹைலோவின் கைக்கு வந்தது. ஒட்டோமான் படை வெளியேறியது. அவர்கள் வைத்த பெயர் மட்டும் தங்கிவிட்டது. போர்வெளி பூங்காவானது.

அங்கிருந்து நடந்தே ஸ்கடார்லியா போய்விடலாம். உருளைக்கல் பதித்த சிறிய தெரு. 1901இல் நகர மையத்தில் இருந்த 'டார்டனெலி' என்ற விடுதி இடிக்கப்பட்டதும், அங்கே கூடிவந்த எழுத்தாளர்களும் நடிகர்களும் இந்தத் தெருவின் 'கஃபானா'க்களுக்கு மாறினார்கள். கஃபானா என்றால் காப்பி வீடு. அதுவும் துருக்கி வழி வந்த சொல்தான். நம் காப்பி ஆங்கிலம் வழியாக வந்தது, வேர் ஒன்றே.

இந்தத் தெருவில்தான் கவிஞரும் ஓவியருமான ஜூரா யாக்ஷிச் தம் கடைசிக் காலத்தைக் கழித்தார். 1878இல் மறைந்தார். பிழைப்புக்காகக் கிராமப் பள்ளிகளில் பாடம் நடத்தியவர், நம்ம ஆளுதான். அவர் வீட்டின் முன் இன்று அவருடைய சிலை அமர்ந்திருக்கிறது.

இனி வகுப்புக்கு வருவோம். தேர்வில் 'திடல்' எழுதப் பழக்குவது நம் கடமை. அதை விட வேண்டாம். ஆனால் 'மைதானம்' தவறு என்று சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனால், அந்தச் சொல் சுமந்து வந்த வரலாறும் சேர்ந்தே அடிபட்டுப் போகும். ஐந்து நிமிடம் ஒதுக்குங்க. உலக வரைபடத்தை விரித்து, அந்தச் சொல் வாழும் ஊர்களை மாணவர்களையே குறிக்கச் சொல்லுங்க. வரலாறு ஆண்டுகளில் மட்டும் இல்லை, தம் வாயிலும் இருக்கிறது என்று அவர்களுக்கே புரியும்.