செங்கல்பட்டு ஏரிகளும் நாமக்கோழியும்: பராமரிப்பு வரலாற்றின் வழி ஒரு நீர்ப்பறவை

ஆய்வுச் சுருக்கம்

செங்கல்பட்டுப் பகுதியின் பறவைக் காப்பு வரலாறு வேடந்தாங்கலை மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வருகிறது. சாதாரண ஏரிகளில் வாழும் நாமக்கோழியின் நிலை, காப்பாணைகளைவிட ஏரிப் பராமரிப்பு முறையோடு நெருங்கிய தொடர்புடையது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: நாமக்கோழி, ஏரி, குடிமராமத்து, வேடந்தாங்கல், கேளம்பாக்கம்.

முன்னுரை

உடல் முழுதும் கரிய நிறமும், நெற்றியில் நாமம் இட்டாற்போன்ற வெண்கேடயமும் உடையது நாமக்கோழி. ஐங்குறுநூற்றின் மருதப் பாடல் ஒன்று கம்புள் என்னும் பறவைக்கு வெண்ணிற நெற்றியை அடையாகத் தருகிறது. இவ்வடை நாமக்கோழிக்குப் பொருந்தினும், முகமும் மார்பும் வெளுத்த கானாங்கோழிக்கும் பொருந்துவதால் அதனை முடிந்த முடிபாகக் கொள்ளல் இயலாது. ஆயினும் நெல்வயலும் நீர்நிலையும் சேர்ந்த மருத நிலமே இவ்விரு பறவைகளின் வாழிடம் என்பதில் ஐயமில்லை.

உயிரியலும் ஏரிநீரும்

நாமக்கோழி பெரும்பாலும் நீர்த்தாவரங்களை உண்பது. விரல்களின் இருபுறமும் அமைந்த மடல்கள் நீந்தவும் சேற்றில் நடக்கவும் துணைசெய்கின்றன. பறந்தெழுமுன் நீர்ப்பரப்பில் நெடுந்தொலைவு ஓடவேண்டியிருப்பதால் அதற்குத் திறந்த நீர்வெளி இன்றியமையாதது. கோரையும் சம்பும் அடர்ந்த கரையோரத்தில் கூடு கட்டிப் பொதுவாக 6 முதல் 10 முட்டைகள் இடும். அடைகாப்பு ஏறத்தாழ 3 வாரம். குஞ்சுகள் பறக்க மேலும் 8 வாரம் ஆகும். கூடு கட்டும் நாள்களையும் சேர்த்தால், ஓர் ஏரி ஏறத்தாழ மூன்று மாத காலம் நீர் தாங்கினால்தான் ஓர் ஈடு நிறைவுறும். கரை உடைந்தாலும், வண்டல் மேவிக் கொள்ளளவு குறைந்தாலும் இக்கால அளவு கிட்டாது. ஆகவே ஏரியைப் பேணிய முறையே இப்பறவையின் இனப்பெருக்க வரலாறும் ஆகிறது.

ஜாகீர் ஆவணங்களும் 1858ஆம் ஆண்டும்

1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு நடத்திய செங்கல்பட்டு ஜாகீர் அளவாய்வும், அதனோடு தொடர்புடைய ஓலைச்சுவடிக் கணக்குகளும், விளைச்சலில் ஒரு பங்கு ஊர்ப் பொதுப்பணிகளுக்கு ஒதுக்கப்பட்டதைக் காட்டுகின்றன. ஏரிப் பராமரிப்பும் அவற்றுள் அடங்கும். கேளம்பாக்கத்தை அடுத்த திருப்போரூரின் கணக்குகளும் பதிப்பிக்கப்பட்டுள்ளன.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜாகீரின் ஆட்சியராயிருந்த லயனல் பிளேஸ், மதுராந்தகம் ஏரியின் சீரமைப்போடும் 'ஏரி காத்த இராமர்' கதையோடும் இணைத்து நினைக்கப்படுபவர். வேடந்தாங்கல் மக்களுக்குப் பறவைகளைக் காக்கும் உரிமையளித்த கவுலும் அவர் காலத்ததே. அம்மக்களின் அக்கறைக்கு வேளாண் காரணம் இருந்தது. கடப்ப மரங்களில் கூடமைக்கும் கொக்கும் நீர்க்காகமும் சுற்றியுள்ள நீர்நிலைகளில் மீனுண்டு திரும்பி இடும் எச்சம் ஏரிநீரை உரமாக்கியது. அந்நீர் வயலுக்குப் பாய்ந்தது. நாமக்கோழியோ தான் வாழும் ஏரியிலேயே மேய்வது. வெளியிலிருந்து பெருமளவு சத்தைக் கொண்டு சேர்ப்பதில்லை. எனவே உழவரின் கணக்கில் அதற்குத் தனியிடம் உண்டாகவில்லை.

வேடந்தாங்கல் கவுல் 1858இல் புதுப்பிக்கப்பட்டது. அதே ஆண்டில்தான், ஏரிக்கரைகளைக் காக்க ஊராரின் உழைப்பைக் கட்டாயமாக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. வழக்கமாக நடந்துவந்த குடிமராமத்தைச் சட்டத்தால் நிலைநிறுத்த வேண்டிய நிலை தோன்றிவிட்டது என்பதற்கு இச்சட்டமே சான்று. 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கியதும் இத்தொடர்ச்சியில் வைத்து நோக்கத்தக்கது. கவுல் ஓர் ஏரியின் பறவைகளைக் காத்தது. நூற்றுக்கணக்கான பிற ஏரிகளில் பரவி வாழ்ந்த நாமக்கோழியின் நிலை இரண்டாவது வரலாற்றைச் சார்ந்திருந்தது.

கேளம்பாக்கத்தின் இன்றைய நிலை

கேளம்பாக்கத்தின் கிழக்கே கோவளம் கழிமுகத்தோடு தொடர்புடைய உப்பங்கழியும் உப்பளங்களும் உள்ளன. அவை கரையோர உள்ளான்களுக்கும் ஆலாக்களுக்கும் உரியவை. நாமக்கோழி கூடமைக்க நாடுவது தையூர், சிறுசேரி போன்ற உள்நிலத்து நன்னீர் ஏரிகளை ஒத்த சூழலையே. பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி வயல்கள் குடியிருப்புகளாக மாறிய பின், ஏரிநீரை எதிர்பார்த்திருந்த ஆயக்கட்டு சுருங்கியது. மதகையும் வரத்துக்காலையும் கண்காணிக்கும் தேவையும் அதனோடு குறைந்தது. கழிவுநீர் சேரும் ஏரிகளில் ஆகாயத்தாமரை படர்ந்து திறந்த நீர்வெளியை மூடுகிறது. சீரமைப்பு என்ற பெயரில் கரையைச் செங்குத்தாக வெட்டி நடைபாதை அமைத்தால் கோரை வளரும் ஆழமற்ற விளிம்பு அழிகிறது. முன்னது பறந்தெழும் பரப்பையும், பின்னது கூடமைக்கும் இடத்தையும் பறிக்கின்றன.

எண்ணிக்கை குறித்தும் ஒன்று சுட்டவேண்டும். 1987 முதல் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு சனவரியில் எடுக்கப்படுவது. அப்போது உள்ளூர் நாமக்கோழிகளோடு வடக்கிலிருந்து வலசை வந்தனவும் கலந்திருக்கும். ஆகவே குளிர்காலத்துப் பெருந்திரளைக் கொண்டு, இவ்வேரிகளில் இப்பறவை இனப்பெருக்கம் செய்து நிலைத்துள்ளது என முடிவு செய்தல் பொருந்தாது. கூடுகளையும் குஞ்சுகளையும் தனியே பதிவுசெய்தலே அதற்குரிய வழி.

முடிவுரை

2022இல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பள்ளிக்கரணையும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் உலக அளவில் அச்சுறுத்தலற்றதெனக் கருதப்படும் ஒரு பறவை, பெயர்பெறாத ஏரிகளிலிருந்து ஓசையின்றி மறைவதை அப்பட்டியல் தடுக்காது. ஏரியின் கொள்ளளவு, நீர் நிற்கும் காலம், கரையோரத் தாவரம் ஆகிய மூன்றையும் ஒருங்கே பேணும் சீரமைப்பே நாமக்கோழிக்கு உண்மையான காப்பாகும். இவ்வகையில் பறவையியலாரும் ஏரி வரலாற்று ஆய்வாளரும் ஒருவர் தரவை மற்றவர் பயன்கொள்ளுதல் வேண்டும்.