மஞ்சள் வீழ்படிவும் ஒரு கொலை வழக்கும்

பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வு என்றாலே எங்களுக்கு 'உப்பு'தான். ஒரு பொட்டலத்தில் தூள் கொடுப்பார்கள். அதில் என்ன நேர் அயனி, என்ன எதிர் அயனி என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். கன்னிவாடியிலிருந்து திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறிப் போய்ப் படித்த எனக்கு, தேர்வுக்கு அரை மணி நேரம் முன்னால் யாரோ காதில் சொல்லிவிட்டார்கள்: துத்தநாக சல்பேட். அவ்வளவுதான். சோதனைக் குழாயைச் சும்மா ஆட்டிக்கொண்டே அட்டவணையைக் கடைசியிலிருந்து மேல் நோக்கி எழுதி முடித்தேன். பேரியம் குளோரைடு சேர்த்தால் வெள்ளை வீழ்படிவு, சாம்பல் சோதனையில் பச்சைச் சாம்பல். எதையும் நான் பார்க்கவில்லை, ஆனால் எழுதினேன். மதிப்பெண் முழுதாக வந்தது.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் மென்பொருள் வேலைக்கு வந்துவிட்டேன். போன வருஷம் வேறு எதையோ தேடப் போய், அந்த அட்டவணையின் பூர்வீகத்தில் மாட்டிக்கொண்டேன். அது எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? நீதிமன்றத்தில்.

1830களின் தொடக்கம், இங்கிலாந்து. காப்பியில் ஆர்சனிக் கலந்து தாத்தாவைக் கொன்றதாக ஜான் போடில் என்கிற பேரன் மீது வழக்கு. வூல்விச் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் மார்ஷ் என்ற வேதியியலாளரிடம் காப்பி போகிறது. அவர் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்துகிறார். நாம் லேபில் மூக்கைப் பொத்திக்கொண்ட அதே அழுகின முட்டை வாயுதான். மஞ்சள் வீழ்படிவு வருகிறது: ஆர்சனிக் சல்பைடு.

பழனிப் பக்கத்து ஆட்களுக்குப் பாஷாணம் என்ற சொல் புதிதில்லை. கோயில் மூலவரே நவபாஷாணம் என்பது ஐதீகம். சித்த மருந்துக் கடையில் தாளகம், அரிதாரம் என்று சொல்வார்களே, அந்த மஞ்சள் பொருளும் இதே ஆர்சனிக் சல்பைடுதான்.

ஆனால் விசாரணைக்குள் அந்த வீழ்படிவு கெட்டுப்போய்விட்டது. ஜூரிகள் நம்பவில்லை. போடில் விடுதலை ஆனான். பிறகு தானே குற்றத்தை ஒப்புக்கொண்டான். மனம் நொந்த மார்ஷ் 1836இல் புது முறை ஒன்றை வெளியிட்டார். மாதிரியோடு துத்தநாகமும் அமிலமும் சேர்த்தால் ஆர்சீன் வாயு வரும். அதைக் கண்ணாடிக் குழாயில் சூடாக்கினால் பளபளவென்று கறுப்புப் படலம் ஒட்டும். ஜூரி கண்ணாலேயே பார்க்கலாம், கெடாது.

இங்கேதான் எனக்குப் பிடித்த சிக்கல் வருகிறது. ஆன்டிமனியும் இதே போலப் படலம் தரும். அதனால் ஹைப்போகுளோரைட் கரைசலை ஊற்றிப் பார்க்க வேண்டும்: ஆர்சனிக் படலம் கரையும், ஆன்டிமனி கரையாது. நம் அட்டவணையில் 'உறுதிப்படுத்தும் சோதனை' என்று ஒரு வரி இருக்குமே, அது எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. இன்னொன்று: துத்தநாகத்திலேயே ஆர்சனிக் இருந்து தொலைத்தால்? 1840இல் பிரான்சில் நடந்த மரி லஃபார்ஜ் வழக்கில் ஓர்ஃபிலா என்ற நிபுணர், ஆர்சனிக் தன் வினைப்பொருள்களிலிருந்தும் வரவில்லை, கல்லறை மண்ணிலிருந்தும் வரவில்லை என்று தனியாகச் சோதித்துக் காட்டினார். மென்பொருளில் சொல்வதானால், சோதிக்கிற கருவியையே முதலில் சோதிப்பது.

அயனிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரிக்கும் முறையை ஜெர்மனியின் ஃபிரெசெனியஸ் 1841இல் பாடநூலாக்கினார். அவரும் 1844இல் பாபோ என்பவரோடு சேர்ந்து, விஷச் சாவுகளில் ஆர்சனிக்கைக் கண்டுபிடிக்க ஒரு முறை வகுத்தவர். 1849இல் மெட்ராஸில் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கியது. இந்தியாவில் இந்த வகையில் அதுதான் முதலாவது. கல்கத்தாவில் 1853இல்தான் வந்தது. மார்ஷ் தன் முறையை வெளியிட்டு 13 வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த ஆய்வகத்தின் வாரிசுதான் இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறை.

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்தால், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி. மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். மெத்தனால், எத்தனால் இரண்டிலும் ஒரே ஹைட்ராக்சில் தொகுதி. நாக்குக்கும் மூக்குக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. உடம்புக்குள் போனால் மெத்தனால் ஃபார்மால்டிஹைடாகி, பிறகு ஃபார்மிக் அமிலமாகிப் பார்வையைப் பறிக்கும், உயிரையும் வாங்கும்.

நாம் படித்த அயோடோஃபார்ம் சோதனையை இங்கே யோசித்துப் பாருங்கள். அயோடினும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்த்தால் எத்தனால் மஞ்சள் வீழ்படிவு தரும், மெத்தனால் தராது. சரி, சாராயத்தில் மஞ்சள் வந்துவிட்டது. பத்திரம் என்று சொல்லலாமா? கூடவே கூடாது. எத்தனால் இருக்கிறது என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். மெத்தனால் இல்லை என்று அது சொல்லவே இல்லை. அதற்குக் கேள்வியை மாற்ற வேண்டும்: பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக மாற்றி, குரோமோட்ரோபிக் அமிலமும் அடர் கந்தக அமிலமும் சேர்த்து ஊதா நிறம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அப்போதும் பக்கத்திலேயே சுத்தமான எத்தனாலை வைத்து அதே சோதனையைச் செய்ய வேண்டும். ஓர்ஃபிலா செய்த அதே வேலை.

நாம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் சோதனை பதில் சொல்லும். இருநூறு வருஷத்து வழக்குகளிலிருந்து வடிகட்டி எடுத்த இந்தப் பாடம் 'சோதனை, காண்பன, அறிவன' என்று மூன்று கட்டமாகப் பள்ளிக்கூட நோட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நடுக் கட்டத்தில் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். மார்ஷ் ஜூரியிடம் காட்ட முடியாமல் தவித்தது அந்த நடுக் கட்டத்தைத்தான். நான் சும்மா நிரப்பியதும் அதைத்தான்.

அந்தப் பொட்டலத்தில் இருந்தது துத்தநாக சல்பேட்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.