கட்டிலருகே கற்கும் கல்வி

மருத்துவத்தை நூலால் மட்டும் கற்றுவிட முடியாது. நாடி பிடித்தும் நெஞ்சொலி கேட்டும் நோயாளரின் கட்டிலருகே நின்றே அது கைவர வேண்டும். அக்கட்டிலிற் கிடப்பவர் யார்? பெரும்பாலும் இலவச வைத்தியசாலையை நாடிவரும் ஏழை. நெடுந்தீவிற் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து யாழ்ப்பாணம் சேரும் தீவகத்து நோயாளரும் அவருள் ஒருவர். மருத்துவக் கல்லூரிகள் பயிற்சியிடத்துக்காகப் போட்டியிடும்போது, உண்மையில் இவருக்காகவே போட்டியிடுகின்றன. இதனை நாம் மறத்தல் ஆகாது.

வடபுலத்தில் இவ்வரலாறு மானிப்பாயிலிருந்து விரிகிறது. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மறு ஆண்டே மாணவரைச் சேர்த்துக் கற்பித்தார். ஆங்கிலத்திற் பயின்றோர் உத்தியோகம் நாடி வெளியூர் செல்லலாயினர். தமிழிற் கற்றவர் தம் ஊரிலேயே தங்குவர் எனக் கருதிய கிறீன், 1860களில் தமிழிலேயே போதிக்கத் தொடங்கினார். யாருக்காக வைத்தியர் என்ற கேள்வியை அவர் அன்றே எழுப்பிவிட்டார்.

1870இல் கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி எழுந்தது. 1978இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் பிறந்தது. 1850இல் தோன்றிய யாழ்ப்பாண ஆஸ்பத்திரி அதன் பயிற்சிக்களமாயிற்று. பின்னர் பணமும் களத்தில் இறங்கியது. 1980களில் ராகமையில் இயங்கிய தனியார் மருத்துவக் கல்லூரி, மாணவர் எதிர்ப்பினிடையே 1989இல் அரசுடைமையானது. 1991இல் களனிப் பல்கலைக்கழகத்தின் பீடமாயிற்று. மாலபேயிலோ தனியார் நிறுவனம் தனக்கென வைத்தியசாலையே கட்டியது. ஆயினும் அங்குப் பெறும் நோயாளர்ப் பயிற்சி போதாது என்று மருத்துவ சபை பட்டதாரிகளைப் பதிய மறுத்தது. 2017 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பதியுமாறு பணித்தது, போராட்டங்கள் மூண்டன, 2018இல் மாணவர் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டனர். மண்டபத்தைப் பணம் எழுப்பலாம். கட்டில்களை நோயாளரால் நிரப்ப அதனால் இயலவில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. கிரனடாத் தீவின் சென்ற் ஜோர்ஜஸ் பல்கலைக்கழகம், தன் மாணவர் பயிற்சிக்காக நியூயோர்க் நகரப் பொது வைத்தியசாலைகளுக்குப் பத்தாண்டுகளில் 100 மில்லியன் டொலர்வரை வழங்க உடன்பட்ட செய்தி 2008இல் வெளியாயிற்று. உள்ளூர்க் கல்லூரிகள் கொதித்தெழுந்தன. கட்டிலிற் கிடந்த ஏழையின் சம்மதத்தை யார் கேட்டார்?

கல்லூரியும் அரசும் மாணவரும் தத்தம் உரிமை பேசுகின்றனர். உடலையே பாடநூலாகத் தந்தவரின் உரிமை யாது? பட்டம் பெற்றபின் ஓராண்டு உள்ளகப் பயிற்சி, நிபுணர் உள்ள பெரிய வைத்தியசாலைகளிலேயே அமைகிறது. நிபுணராகும் வழியோ கொழும்பை நோக்கியது. தீவகத்தின் சிறு வைத்தியசாலை அப்பாதையில் இல்லை. தீவகத்து நோயாளர் கடல் கடந்து சென்று கற்பிக்கிறார்; கற்றவர் கடல் கடந்து அவரிடம் வருவது அரிதாகிறது.

ஆகவே பயிற்சியிடங்களைப் பங்கிடுவோர், எக்கல்லூரிக்கு எத்தனை கட்டில் என்பதோடு நின்றுவிடலாகாது. பயிற்சியின் ஒரு பகுதி தீவுகளிலும் நடைபெற வேண்டும். அதற்கு வழிகாட்டும் மூத்த வைத்தியரும் அங்கு வரவேண்டும். இது சலுகையன்று, கற்றோர் செலுத்த வேண்டிய கடன்.