லெக்சிங்டனில் வென்றவர்களுக்குப் பூட்டிய கதவு

1962 பிப்ரவரி 12, திங்கட்கிழமை இரவு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் நகரின் மெமோரியல் கொலீசியம் அரங்கு. 11,000 பேருக்கு மேல் உட்காரக்கூடிய அந்த அரங்கில் கென்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியை வீழ்த்துவது லேசுப்பட்ட காரியமல்ல. அதன் பயிற்சியாளர் அடால்ஃப் ரப் அதற்குள் நான்கு முறை தேசியப் பட்டம் வென்றிருந்தார். எதிரே நின்றது மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகம். ஸ்டார்க்வில் என்ற சிறிய ஊரிலிருந்து வந்த அணி, விவசாயக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம்.

ஆட்டம் முடிந்தபோது பலகையில் இருந்த எண்கள்: மிசிசிப்பி ஸ்டேட் 49, கென்டக்கி 44.

கல்லூரிக் கூடைப்பந்தில் அந்தக் காலத்திலும் 70, 80 புள்ளிகள் சாதாரணம். 49 புள்ளியில் ஒரு பெரிய வெற்றி எப்படி வந்தது? பந்து கையில் வந்தால் இத்தனை நொடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற விதி அப்போது கல்லூரி ஆட்டத்தில் இல்லை. அது 1985இல்தான் நாடு முழுவதும் வந்தது. பொறுமையுள்ள அணி பந்தைத் தங்களுக்குள்ளேயே சுற்றவிட்டு, நல்ல வாய்ப்புக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம். வேகமாக ஓடி ஆடும் அணியை அடக்க இதைவிடச் சிறந்த ஆயுதம் கிடையாது. மிசிசிப்பி ஸ்டேட்டின் பயிற்சியாளர் பேப் மெக்கார்த்தி அந்த ஆயுதத்தைக் கையாளத் தெரிந்தவர். 1955இல் அவர் பொறுப்பேற்றபோது கல்லூரி அணி எதையும் பயிற்றுவித்தவரல்ல. பால்ட்வின் என்ற சிற்றூரின் பள்ளிப் பயிற்சியாளராகத்தான் அவரை அறிந்திருந்தார்கள். ஜோ டான் கோல்ட், லீலண்ட் மிட்செல், ‘ரெட்’ ஸ்ட்ரவுட் ஆகியோரை வைத்து அவர் கட்டிய அணி ரப்பின் கோட்டைக்குள் புகுந்து வென்றது.

அந்தப் பருவம் முடிந்தபோது மிசிசிப்பி ஸ்டேட்டின் கணக்கு 24 வெற்றி, 1 தோல்வி. தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் லீக்கில் இரு அணிகளும் 13–1 என்று சமநிலையில் முதலிடம். இன்று கல்லூரி விளையாட்டுகளின் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. நடத்தும் தேசியப் போட்டியில் 68 அணிகள் ஆடுகின்றன, ஒரே லீக்கிலிருந்து ஏழெட்டு அணிகள்கூடப் போகலாம். அன்று மொத்தமே 25 இடங்கள். ஒரு லீக்குக்கு ஓர் அணிதான். இருவரும் சமநிலை என்றால் நேருக்கு நேர் வென்றவர் யார் என்று பார்க்க வேண்டும். லெக்சிங்டன் வெற்றி அதற்கு விடை சொல்லியிருந்தது. இடம் மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு.

ஆனால் போனது கென்டக்கி.

மிசிசிப்பியில் அப்போது ஓர் எழுதாத சட்டம் இருந்தது. கறுப்பின வீரர் இருக்கும் அணியுடன் மாநிலத்தின் வெள்ளையர் கல்லூரிகள் எதுவும் ஆடக்கூடாது. சட்டமன்றம் அதை நிறைவேற்றியதில்லை. 1955இல் மிசிசிப்பியின் ஜூனியர் கல்லூரி ஒன்று கலிஃபோர்னியாவுக்குப் போய்க் கறுப்பின வீரர்கள் உள்ள அணியுடன் அமெரிக்கக் கால்பந்து ஆடியது. அதைக் கண்டு கொதித்த அரசியல்வாதிகள் கல்லூரிகளின் மானியத்தில் கை வைப்போம் என்று மிரட்டினார்கள். அந்த மிரட்டலே சட்டமாகிவிட்டது. மறு ஆண்டு டிசம்பரில் இண்டியானாவில் நடந்த ஒரு போட்டியின் நடுவிலேயே மிசிசிப்பி ஸ்டேட் அணி திரும்ப அழைக்கப்பட்டது.

1959இல் பெய்லி ஹவல் ஆட்டத்துக்குச் சராசரி 27.5 புள்ளி குவித்தார். அணி 24–1, லீக் பட்டமும் கையில். போட்டிக்கு அனுப்பவில்லை. 1961இல் மறுபடி பட்டம், மறுபடி தடை. 1962இலும் அதே. மூன்று முறையும் அந்த இடத்தில் ஆடியது கென்டக்கிதான். ரப்பின் அணியும் அன்று முழுக்க வெள்ளையர் அணியே. ஆனால் கறுப்பின வீரர்களை எதிர்த்து ஆட அவர்கள் ஊரில் யாரும் தடை போடவில்லை. ஹவல் பின்னாளில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் இரண்டு தொழில்முறைப் பட்டங்கள் வென்று, கூடைப்பந்தின் புகழரங்கிலும் இடம்பிடித்தார். அப்படிப்பட்டவர் தன் வாழ்நாளில் ஒரு என்.சி.ஏ.ஏ. போட்டி ஆட்டம்கூட ஆடியதில்லை. இனவெறி முதலில் நசுக்கியது கறுப்பின மக்களை. அவர்கள் இழந்ததோடு இதை ஒப்பிடவே முடியாது. ஆனாலும் அது தன் பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டவர்களின் உழைப்பையும் விட்டுவைக்கவில்லை.

1963இல் நான்காவது முறையாக லீக் முதலிடம். சூழலோ முன்னைவிடக் கொந்தளிப்பானது. ஐந்து மாதங்களுக்கு முன்புதான் அதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் சேர்ந்ததற்காகக் கலவரம் வெடித்து இரண்டு பேர் உயிரிழந்திருந்தார்கள். மாணவர்கள் இம்முறை சும்மா இருக்கவில்லை. அணியை அனுப்பியே ஆக வேண்டும் என்று மனுக்கள் குவித்தார்கள். மார்ச் 2 அன்று பல்கலைக்கழகத் தலைவர் டீன் கோல்வார்ட் துணிந்தார்: உரிய அதிகாரம் உள்ளவர்கள் தடுத்தாலொழிய அணி போகும் என்று அறிவித்தார். மாநிலக் கல்லூரி வாரியம் 8–3 என்ற வாக்கில் அவர் பக்கம் நின்றது.

மார்ச் 13 அன்று மாநிலச் செனட்டர் ஒருவரும் முன்னாள் செனட்டர் ஒருவரும் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினார்கள். ஆணை கையில் கொடுக்கப்பட்டால்தானே செல்லும்? கோல்வார்ட் மாநில எல்லை தாண்டி அலபாமா போய்விட்டார். மெக்கார்த்தி டென்னசிக்குப் புறப்பட்டார். மறுநாள் காலை மாற்று ஆட்டக்காரர்களை முதலில் விமான நிலையத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தடுக்க யாரும் இல்லை என்று தெரிந்ததும் முக்கிய வீரர்கள் விரைந்து வந்து விமானம் ஏறினார்கள். அன்றே மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் அந்தத் தடையை நிறுத்திவைத்தார்.

மார்ச் 15, மிச்சிகனின் ஈஸ்ட் லான்சிங். எதிரணி சிகாகோவின் லயோலா. அதன் தொடக்க ஐவரில் நால்வர் கறுப்பினத்தவர்: ஜெர்ரி ஹார்க்னஸ், லெஸ் ஹண்டர், விக் ரவுஸ், ரான் மில்லர். அந்தப் பருவத்தில் வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளான் பெயரில் வந்த மிரட்டல் கடிதங்களைப் படித்துவிட்டு ஆட வந்தவர்கள் அவர்கள். அன்று உண்மையான ஆபத்தைச் சுமந்தவர்கள் இவர்களே. ஆட்டத்துக்கு முன் கேப்டன்கள் கோல்டும் ஹார்க்னஸும் கை குலுக்கினார்கள், கேமராக்கள் மின்னின. மிசிசிப்பி ஸ்டேட் 7–0 என்று முந்தியது, ஆனால் லயோலா 61–51 என்று வென்றது. எட்டே நாளில் சின்சினாட்டியைக் கூடுதல் நேரத்தில் 60–58 என்று சாய்த்துத் தேசியப் பட்டத்தையும் தூக்கியது.

அமெரிக்க விளையாட்டு வரலாறு அந்த ஆட்டத்தை மாற்றத்தின் ஆட்டம் என்று கொண்டாடுகிறது. நியாயமான கொண்டாட்டம்தான். ஆனால் 1963இன் விமானம் ஒரே நாளில் கிளம்பிவிடவில்லை. லெக்சிங்டனில் உழைத்துப் பெற்ற இடம் கண்ணெதிரே பறிபோனதைப் பார்த்த மாணவர்களின் கோபமும் மெக்கார்த்தியின் மனக்குமுறலும்தான் கோல்வார்டின் மேஜை வரை வந்து சேர்ந்தன. 1962 அணிக்கும் அந்தப் புகழில் சம பங்கு உண்டு என்பதே இத்தொடரின் கணிப்பு.

கோல்வார்ட் தலைவராக இருந்தபோதே, 1965இல், ரிச்சர்ட் ஹோம்ஸ் அப்பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பின மாணவராகச் சேர்ந்தார். கூடைப்பந்து அணியில் கறுப்பின வீரர்கள் இடம்பெற 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மிசிசிப்பி ஸ்டேட் அடுத்த முறை தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது 1991இல். 1996இல் கறுப்பின வீரர்களின் ஆட்டத்தால் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக நின்றது.

(தொடரும்)