சட்டாம்பிள்ளையும் சபைப் பள்ளியும்

முத்துக்குளித்துறையின் கல்வி வரலாற்றை எழுதுவோர் மிஷனெரிமாரின் பெயர்களையும் பள்ளிகள் நிறுவப்பட்ட ஆண்டுகளையும் விரிவாகக் குறிப்பர். அங்கு மாணவன் ஆற்றிய பணி யாது, அவன் பெற்ற மதிப்பு யாது என்னும் வினாக்கள் எழுவது அரிது. பணியும் மதிப்பும் ஒன்றல்ல என்பதை வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

1542 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பிரான்சிஸ் சவேரியார் இக்கடற்கரைக்கு வந்தார். தமிழ் அறியாத அவர், இருமொழி அறிந்தோர் துணையுடன் ஜெபங்களைத் தமிழாக்கி, தெருவில் மணியடித்துச் சிறுவரைக் கூட்டி மனப்பாடம் செய்வித்தார். கற்றதைப் பெற்றோருக்கும் அயலாருக்கும் கற்பிக்கும் பொறுப்பு அச்சிறுவர்க்கே அளிக்கப்பட்டது. தாம் செல்ல இயலாத நோயாளிகளின் இல்லங்களுக்கு ஜெபிக்கும்படி அவர்களையே அனுப்பியதாக 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் கூறுகின்றார். ஆயினும் வீட்டிலும் ஊரிலும் நிகழ்ந்த விக்கிரக வழிபாட்டை அறிவிப்போராகவும் அவர்கள் பயன்படுத்தப்பட்டனர். பிள்ளையைப் பெற்றோருக்கு எதிராக நிறுத்திய அப்பணியை இன்று நாம் தயக்கமின்றிப் பாராட்ட இயலாது.

மாணவனே மாணவனுக்குக் கற்பிப்பது தமிழகத்துத் திண்ணைப் பள்ளியின் வழக்கமுமாகும். அண்ணாவியார் இல்லாத வேளையில் சட்டாம்பிள்ளை பாடம் கேட்பான். இளையோர் மணலில் எழுதிப் பழகுவர். பெண்பிள்ளைகளும் தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகளும் அத்திண்ணையில் அரிதாகவே இடம்பெற்றனர் என்பதையும் மறத்தலாகாது.

1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் ஆண் அநாதைகள் காப்பகத்தை நடத்திய ஆங்கிலத் திருச்சபைக் குரு ஆண்ட்ரு பெல், தமிழ்ச் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டார். அம்முறையைக் கையாளக் காப்பக ஆசிரியர்கள் விரும்பவில்லை. பெல், ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயது மாணவனிடம் வகுப்பை ஒப்படைத்து வெற்றி கண்டார். குற்றங்களைக் குறிப்பேட்டில் பதிந்து, மாணவர் குழுவே விசாரித்துத் தீர்ப்புக் கூறவும் வகை செய்தார். 1797இல் அவர் வெளியிட்ட நூலின் வழியே இது ‘சென்னை முறை’ எனப் பெயர் பெற்றது. 1811இல் இங்கிலாந்தில் தோன்றிய தேசியக் கல்விச் சங்கம் அதனை ஏழைகளின் பள்ளிகளில் பரப்பியது. ஆனால் ஏழைகளின் பிள்ளைகள் தம் நிலைக்கு மேற்பட்டுக் கற்கத் தேவையில்லை என்பதும் பெல்லின் கருத்தே. ஆசிரியரின் பணியைச் சிறுவனிடம் கொடுத்தவர், அவன் எவ்வளவு உயரலாம் என்பதற்கு எல்லையும் வகுத்தார்.

இந்நிலையில் சாயர்புரம் நினைவிற்கு வருகின்றது. 1842இல் ஜி.யு. போப் அங்குத் தொடங்கிய பணி, உபதேசிமாரையும் ஆசிரியர்களையும் உருவாக்கும் செமினரியாக வளர்ந்தது. 1883இல் தூத்துக்குடியில் கால்டுவெல் பெயரால் கல்லூரி அமைந்தது. கற்றவன் கற்பிப்பவனாக உயரும் வழி இவ்வாறு அகன்றது.

இன்று நம்முன் நிற்கும் வினா வேறு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் மாணவனை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடைசெய்தது. 2014இல் உச்சநீதிமன்றம் அச்சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது. வேறு விதிகள் இருப்பினும், சபைக்கு அளிக்கப்பட்ட இவ்விலக்கு பிரம்பிற்கு அளிக்கப்பட்ட உரிமையன்று.

குருமாருள் பலர் நாளை பள்ளித் தாளாளராவர். வகுப்புத் தலைவனுக்குக் கரும்பலகையில் பெயரெழுதும் வேலையைக் கொடுப்பது எளிது. அவன் முறையிடும்போது செவிசாய்ப்பதும், தண்டிக்குமுன் விசாரிப்பதும் அரிது. ஆண்டவர் ஒரு சிறு பிள்ளையைச் சீஷர் நடுவே நிறுத்தியது ஏவல் கொள்வதற்கன்று. நம் பள்ளிகளில் மாணவன் எங்கே நிற்கிறான்?