வைரஸ் கையில் ஒரு கத்தி

பந்தலூர் பக்கம் தேயிலைச் செடிகளுக்குக் கவாத்து செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? கத்தி இல்லாமல் வேலை நடக்காது. ஃப்ளூ வைரஸும் அப்படித்தான். அதன் கத்தியின் பெயர் நியூராமினிடேஸ். அது ஓர் என்சைம்.

வைரஸுக்கு எதற்குக் கத்தி? நம் செல்லுக்குள் பெருகி வெளியே வரும் புது வைரஸ்கள், செல்லின் மேலிருக்கும் ஒருவகைச் சர்க்கரையில் பசைபோல ஒட்டிக்கொள்ளும். அதை வெட்டினால்தான் அடுத்த செல்லுக்கும் அடுத்த ஆளுக்கும் தாவ முடியும்.

1957 மே மாதம் மெட்ராஸுக்குக் கப்பலில் வந்து இறங்கியது ஆசிய ஃப்ளூ. அதை ஆராய்ந்த மையம் எங்கே இருந்தது தெரியுமா? பந்தலூர் இருக்கும் இதே நீலகிரியில், குன்னூர் பாஸ்டியர் நிலையத்தில்! அடுத்த பிப்ரவரிக்குள் இந்தியாவில் பதிவான நோயாளிகள் சுமார் 44 லட்சம். சாவு ஆயிரத்தைத் தாண்டியது. பறவை வைரஸிடமிருந்து மூன்று மரபணுக்களை வாங்கிக்கொண்டு வந்திருந்தது அந்த வைரஸ். அவற்றில் ஒன்று கத்திக்கானது. பெரும்பாலானோர் உடம்புக்கு அது முன்பின் தெரியாத கத்தி.

1999-இல் டாமிஃப்ளூ மாத்திரை வந்தது. கத்தியின் வெட்டுவாயில் போய் அடைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. வைரஸ் சும்மா இருக்குமா? மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியது. என்சைமின் 275-வது இடத்தில் ஹிஸ்டிடின் போய் டைரோசின் வந்தது. மாத்திரையின் பிடி நழுவியது.

ஆனால், சோதனைக்கூடத்தில் அந்த வைரஸ் வெறும் நோஞ்சான். 'இது எங்கே பரவப் போகிறது!' என்று விஞ்ஞானிகள் நிம்மதியாக இருந்தார்கள். 2008 ஜனவரியில் நார்வேயிலிருந்து வந்தது அதிர்ச்சி. டாமிஃப்ளூவை அதிகம் பயன்படுத்தாத அந்த நாட்டில், மாத்திரைக்கு அடங்காத எச்1என்1 ஜோராகப் பரவிக்கொண்டிருந்தது. ஒரே வருடத்தில் உலகம் முழுக்கப் பருவகால எச்1என்1 கிட்டத்தட்ட எல்லாமே அப்படி ஆகிவிட்டது.

நோஞ்சானுக்கு எப்படி வந்தது இந்தத் தெம்பு? 2010-இல் அமெரிக்காவின் கால்டெக்கில் ஜெஸ்ஸி ப்ளூம் குழு விடை சொன்னது. 275-வது இட மாற்றத்தால் செல்லின் மேற்பரப்புக்கு வந்துசேரும் கத்திகளின் எண்ணிக்கை குறைந்துவிடும். அதுதான் பலவீனம். ஆனால், அதற்கு முன்பே சத்தமில்லாமல் நடந்திருந்த வேறு இரண்டு சின்ன மாற்றங்கள் அந்த எண்ணிக்கையைக் கூட்டி வைத்திருந்தன. நஷ்டத்தைத் தாங்க முன்கூட்டியே சேமிப்பு!

2009-இல் வந்த பன்றிக்காய்ச்சல் வைரஸ், அந்தப் பழைய எச்1என்1-ஐ ஓரங்கட்டியது. புதியதன் கத்தி பெரும்பாலும் மாத்திரைக்குக் கட்டுப்பட்டது. நாம் தப்பித்தோம், அதில் நம் சாமர்த்தியம் எதுவுமில்லை. ஒரு மாற்றத்தை மட்டும் பார்த்து 'இது பரவாது' என்று முடிவுகட்டக் கூடாது. அதற்கு முன்னால் என்னென்ன மாறியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.